வீட்டுக்கு டிரெட்மில்: எச்பியை விடுங்கள், பெல்ட்டைப் பாருங்கள்

கடைக்காரர் எடுத்த எடுப்பில் சொல்வது எச்பி, அதாவது மோட்டாரின் குதிரைத்திறன் கணக்குதான். 4 எச்பி, 5 எச்பி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது பீக் எச்பி; மோட்டார் சில நொடிகள் மட்டுமே தாங்கும் உச்சம். 1 எச்பி என்பது 746 வாட், ஆக 4 எச்பிக்கு ஏறக்குறைய 3,000 வாட் வேண்டும். இப்போது மெஷினோடு வரும் பிளக்கைப் பாருங்கள். 6 ஆம்பியர் சின்ன பிளக் என்றால் 230 வோல்ட்டில் அதன் வழியாக வரக்கூடியது 1,380 வாட். அதில் 2 எச்பிகூட வராது. கேட்க வேண்டியது கன்டினியூவஸ் எச்பி, அதாவது நிறுத்தாமல் ஓடும்போது மோட்டார் தரும் சக்தி. நடைக்கு 1.5, மெல்லோட்டத்துக்கு 2, தினமும் ஓடுபவருக்கு 2.5-லிருந்து 3. பெட்டியில் அந்த எண் இல்லையென்றால், பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று அர்த்தம்.

‘அப்பா அம்மா மெதுவாகத்தானே நடக்கப் போகிறார்கள், சின்ன மோட்டார் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது டிசி மோட்டார். 90 கிலோ எடையுள்ளவர் 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் பெல்ட்டை அதற்குக் கீழே உள்ள டெக் பலகையோடு அழுத்திப் பிடிக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் அதன் விசிறியும் மெதுவாகவே சுற்றும். கரண்ட் அதிகம், காற்று குறைவு. மோட்டார் சூடாவது இந்த நடையில்தான்.

அதனால் கடையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டுவதை நம்பாதீர்கள். 3 கிலோமீட்டரில் வைத்து, வீட்டிலேயே அதிக எடையுள்ளவரை ஏற்றி, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை அழுத்தி நடக்கச் சொல்லுங்கள். அடி வைக்கும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்குகிறதா? முன் ரோலர் சுற்றிக்கொண்டே இருந்து பெல்ட் மட்டும் நின்றால் பெல்ட் தளர்வு, சரிசெய்துவிடலாம். மோட்டாரும் ரோலரும் சேர்ந்தே தொய்ந்தால் அந்த மோட்டார் உங்கள் எடைக்கு ஆகாது. பெட்டியில் 110 கிலோ வரை என்று போட்டிருந்தால் 90 கிலோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெல்ட் அளவு. நடைக்கு 40 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் போதும். ஓடுவதென்றால் 45-க்கு 130-ஆவது வேண்டும். 6 அடி உயரக்காரருக்கு 140-க்குக் குறைந்தால் காலை எட்டி வைக்க முடியாது, அடியைக் குறுக்கிக் குறுக்கி ஓடி முழங்கால்தான் வலிக்கும். சிலர் ஃபிரேமின் அளவைப் பெல்ட்டின் அளவாகச் சொல்வார்கள், டேப்பை எடுத்துப் போங்கள். ரோலரின் விட்டத்தையும் கேளுங்கள். 50 மி.மீ.-க்கு மேல் நல்லது. ரோலர் சிறுத்தால் பெல்ட் கூர்மையாக மடிந்து மடிந்து சீக்கிரம் விரிசல் விடும்.

வாக்கிங் பேட் எனும் தட்டையான நடை மெஷின் பற்றிச் சுருக்கமாக: கட்டிலுக்கு அடியில் போய்விடும், பெரும்பாலும் 6 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம், பலவற்றில் கைப்பிடி கிடையாது. மேஜை முன் நின்று வேலை பார்க்கும் இளையவருக்குச் சரி. பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. மசாஜர், டம்பெல், ட்விஸ்டர் எல்லாம் சேர்த்த ‘மல்டி’ மாடல்களில் அவற்றுக்குச் செலவாகும் பணம் பெல்ட்டுக்கும் ரோலருக்கும் போயிருக்க வேண்டியது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆட்டோ இன்க்ளைன் (பட்டனை அழுத்தினால் டெக்கின் முன்பக்கம் உயர்வது) உண்மையிலேயே உதவும்: ஓடாமல், ஏற்றத்தில் மெதுவாக நடந்தே மூச்சு வாங்க வைக்கலாம். ஆனால் 15 லெவல் என்பது 15 சதவீத ஏற்றம் அல்ல.

இடம் பார்க்கும்போது நம் வீடுகளில் மறந்துபோவது லாஃப்ட். அதன் அடிப்பக்கம் சுமார் 7 அடியில் இருக்கும். டெக்கே தரையிலிருந்து அரை அடிக்கு மேல், அதில் 5 அடி 10 அங்குல ஆள் ஏறினால் தலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் முக்கால் அடிகூட இருக்காது. பின்பக்கம் 2 மீட்டர் காலியாக விடுங்கள். பால்கனியும் கூடாது. டெக் பலகை எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்தது; சாரல் பட்டாலோ ஈர மாப் ஓரத்தில் பட்டாலோ ஊதிவிடும். மாடி வீடென்றால் கனமான ரப்பர் மேட் கட்டாயம்.

வாங்கிய பிறகு மெஷினைக் கொல்வது பெரும்பாலும் காய்ந்த பெல்ட். டெக்குக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஆயில் போனதும் உராய்வு கூடும், மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், கடைசியில் மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு எரியும். ‘போர்டு போச்சு’ என்று ஆயிரக்கணக்கில் பில் வரும், மூலகாரணம் சில நூறு ரூபாய் சிலிக்கான் ஆயில். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைத் தூக்கி நடுப்பகுதியில் அடியில் தொட்டுப் பாருங்கள். விரலில் வழவழப்பு ஒட்டவில்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 20-30 மி.லி. விட்டு, 4 கிலோமீட்டர் வேகத்தில் சில நிமிடம் நடந்து பரப்புங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. பெல்ட்டைக் கெடுக்கும், தூசியை இழுத்துப் பசையாக்கும்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், ஆளில்லாமல் 4 கிலோமீட்டரில் ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின் போல்ட்டை அலன் கீயால் கால் சுற்று வலஞ்சுழியாக இறுக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. பெல்ட்டை நடுவில் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழ வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் ரோலர் பேரிங் போகும். மோட்டார் மூடியைத் திறந்து தூசி எடுப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். போர்டில் உள்ள கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

எர்த் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் பாயிண்ட் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வீட்டு இன்வெர்ட்டரும் வேண்டாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியில் 3 கேவிஏ ஸ்டெபிலைசர் நல்லது. மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை: சராசரியாக 500 வாட் என்று வைத்தால், தினம் அரை மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 15 யூனிட்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் சேஃப்டி கீயை (இதை எடுத்துவிட்டால் மெஷின் ஓடாது) கழற்றி உயரத்தில் வையுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் மெஷின்கள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது, பின்பக்கமாக இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்த பிறகு.

வாரன்டி அட்டையில் மோட்டாருக்கு 3 வருடம் என்று பெரிதாக இருக்கும். போர்டுக்கு எத்தனை என்று தேடுங்கள், பல சமயம் 1 வருடம்தான். பெல்ட் தேயும் பொருள் என்று விலக்கியிருப்பார்கள். உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா, அந்த மாடலின் போர்டு கையிருப்பில் உண்டா, என்ன விலை என்று பணம் கட்டுமுன் சர்வீஸ் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த போனையே எடுக்காத நிறுவனத்தின் மெஷினை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.