பதினோரு வருஷத்துத் தோக்கு: வாங்கலாமா?

குமரி மாவட்டம் களியக்காவிளையில் இருக்கிற நண்பனுக்கு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி விலைக்கு வந்திருக்கிறதாம். "லே மக்கா, வாங்கலாமா? நீதான் பதினோரு வருஷமா வச்சிருக்கியே" என்று கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து, எனக்கே கோபம் வந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சம் இங்கே.

என்னுடையதும் இரட்டைக் குழல்தான், பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி பெட்டி மாதிரி ஒரு கூட்டுக்குள் அடங்கியது. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் தாத்தா வைத்திருந்தது, வாரிசு முறையில் என் லைசென்சில் ஏறியது. சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் ஒருவர் மூன்று வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். ஒற்றைக் குழல் ஒன்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சுடுவதில் குறையே சொல்ல மாட்டேன். வேட்டையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. நான் சுடுவது பழகுவதற்காக வீசிப் பறக்கவிடும் களிமண் தட்டு மட்டும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடதுக்கு. வலதில் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள், சீக்கிரம் விரியும். இடதில் சோக் (குழல் வாயின் குறுக்கம்) இறுக்கம், தூரத்திலும் கொத்தாகப் போகும். முதல் அடி தப்பித் தட்டு விலகிப் போகும்போது, விரல் தானாகவே பின் விசைக்கு நழுவும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பாடும்.

தோட்டா ஒரு தலைவலி. இதில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர். கடையில் 70-ஐ நீட்டி, "உள்ள போகுதுல்லா சார்" என்பார்கள். போகும், ஆபத்தே அதுதான். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிந்திருப்பதால் சின்ன அறையிலும் அழகாக உட்காரும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் எகிறும்.

இதைக்கூடச் சமாளிக்கலாம். துருவைத்தான் முடியவில்லை. என் கைக்கு வந்தபிறகு 2016, 2019, 2021, 2024 என்று நாலு பெரிய தேர்தல். ஒவ்வொரு முறையும் தேர்தல் முடியும்வரை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். கடைசி முறை மார்ச் 16 தேர்தலை அறிவித்தார்கள். ஏப்ரல் 19 நாம் ஓட்டுப் போட்டாச்சு, ஆனால் முடிவு வந்தது ஜூன் 4. துப்பாக்கி வீட்டுக்கு வரும்போது இங்கே மழை பிடித்துவிட்டது. துணி உறையோடு எங்கோ சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்கள். உறை முழுக்க ஈர வாடை. உருவிப் பார்த்தால், இரண்டு குழலுக்கும் நடுவே ஓடுகிற பட்டையின் ஓரத்தில் விரல் நீளத்துக்குச் செம்பழுப்புக் கோடு. எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் துருவோடு குழலின் கறுப்புப் பூச்சும் போய், சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அவர்கள் வேலை எண்ணெய் போடுவதா? இல்லை, நியாயம்தான். தோல் உறையில் போட்டு வைத்து நானே ஒரு முறை துருப்பிடிக்க விட்டவன். ரெண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள ஊர் வேறு. இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆகவே, வாங்காதே மக்கா. ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால், முதலில் துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் காட்டி அறையை அளக்கச் சொல். துணியோ தோலோ, அதோடு வருகிற உறையையும் தூக்கிப் போடு.