கிளியரன்ஸ் விண்ணப்பத்துக்கு முன் நாடிய கடன் ஆலோசனைச் சேவை: என் மதிப்பீடு

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்கள், அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்றதும் ஊரிலுள்ள உறவினர்களைப் பற்றிய கேள்விகளை எண்ணியே கவலைப்படுகிறார்கள். கட்டாமல் நிற்கும் கடனைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. வேலையில்லாமல் இருந்த காலத்தில் என் கிரெடிட் கார்டு பாக்கிகளும் ஒரு மருத்துவமனைக் கட்டணமும் வசூல் நிறுவனங்களிடம் போய்விட்டதால், அந்த அனுமதிக்காக நம் பின்னணியைக் கேட்கும் எஸ்எஃப்-86 படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே லாப நோக்கற்ற கடன் ஆலோசனைச் சேவை ஒன்றை அணுகினேன்.

இந்த வகைச் சேவையைத் தேர்ந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. கிளியரன்ஸ் வழங்கலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள 13 நெறிமுறைகளில் ‘எஃப்’ என்பது பணவிவகாரத்துக்கு உரியது. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை என்ற வரம்பு எதையும் அது வகுக்கவில்லை. கடன் ஏன் வந்தது, வந்தபின் அந்த மனிதர் பொறுப்புடன் நடந்துகொண்டாரா என்பதையே அது பார்க்கிறது. வேலையிழப்பு, மருத்துவ நெருக்கடி, மணமுறிவு போன்றவை சாதகமாகக் கருதப்படலாம் என்றாலும், அதன்பின் எடுத்த முயற்சியையும் காட்டியாக வேண்டும். நம்பகமான இடத்தில் ஆலோசனை பெறுவதும், சிக்கல் கட்டுக்குள் வந்துகொண்டிருப்பதும் விண்ணப்பதாரருக்குச் சாதகம் என்று சொல்லும் அந்நெறிமுறை, லாப நோக்கற்ற ஆலோசனைச் சேவையையே அதற்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது.

சேவையின் சிறப்பு அதன் பொறுமையான கணக்கெடுப்பில் இருந்தது. ஆலோசகர் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கணக்கும் எப்போது தவணை தவறியது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைப் பட்டியலிட்டுத் தந்தார். கடந்த ஏழு ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் நிலுவையில் நின்ற கடன்களை, பின்னர் அடைத்திருந்தாலும் சேர்த்து, படிவத்தின் 26ஆம் பிரிவு கேட்கிறது. அதை நேர்மையாக நிரப்ப இந்தப் பட்டியலைவிட உதவியது வேறில்லை. கடனைவிட அதை மறைப்பதே பெரிய குற்றமாகிவிடக்கூடும். கார்டு பாக்கிகள் வட்டி குறைக்கப்பட்டு மாதந்தோறும் கட்டும் ஒரே தவணைக்குள் வந்தன. யாருக்கு எவ்வளவு போனது என்று மாதந்தோறும் வந்த அறிக்கை, விசாரணையாளரிடம் காட்டத்தக்க சான்றாகவும் அமைந்தது.

குறையும் உண்டு. ஒரு பழைய கணக்கு ஏழாண்டு கழிந்ததும் அறிக்கையிலிருந்து தானே மறைந்துவிடும், விட்டுவிடுங்கள் என்றார் ஆலோசகர். வீட்டுக் கடன் வாங்குபவருக்கு அது பொருந்தலாம். கிளியரன்ஸ் விசாரணையில் அறிக்கையிலிருந்து மறைந்த கடன் தீர்த்த கடனாகாது. கெடு கடந்து வழக்குத் தொடர முடியாமல் போவதையும் நல்லெண்ண முயற்சியாக அங்கு ஏற்பதில்லை. அந்தப் பாக்கியை நானே பேசித் தவணையில் அடைத்தேன். அவர்கள் கொடுத்த ஆலோசனைச் சான்றிதழில் தேதியே இல்லை. திருத்தி வாங்கப் பலமுறை அழைக்க வேண்டியிருந்தது. அனுமதியை ஏன் மறுக்க எண்ணுகிறோம் என்று அரசு அனுப்பும் மறுப்புக் காரண அறிக்கை வந்துவிட்டால் ஒப்பந்த நிறுவன ஊழியர் 20 நாளில் பதிலளிக்க வேண்டும் என்பதால், இத்தகைய தாமதம் சிறிய விஷயமல்ல.

இத்தனைக்கும் பிறகும், கடன் கொடுத்தவரிடம் பேரம் பேசித் தொகையைக் குறைத்துத் தருவதாக விளம்பரங்களில் வரும் கடன் தள்ளுபடி நிறுவனங்களைவிட இதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். அவற்றில் பல, பேரம் படியும்வரை தவணை கட்டுவதை நிறுத்தச் சொல்கின்றன. கிளியரன்ஸ் வேண்டுபவர் தெரிந்தே நிலுவையைப் பெருக்குவது ஆபத்தானது. தள்ளுபடியான தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக வரித் துறைக்கும் தகவல் போகும். அதைக் கணக்கில் காட்டாமல் விட்டால் வரிச் சிக்கலும் அதே ‘எஃப்’ நெறிமுறையின் கீழ் வந்து சேரும்.

மறுப்புக் காரண அறிக்கை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்தச் சேவை மட்டும் போதாது. இத்துறையில் பழகிய வழக்கறிஞர் தேவை. அனுமதி பெற்றுப் பணியில் இருப்பவர்களின் கிரெடிட் பதிவுகளும் இப்போது தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. 120 நாளைத் தாண்டிய பாக்கியை அவர்களே தங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பதால், முதல் தவணை தவறும்போதே ஆலோசகரை அழைத்துவிடுவது நல்லது.