5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா: கிணற்றடி போர்டுக்கு எது தோது?

களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக்கு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று மோட்டார் ரூமுக்கு ரேடியோவில் சொல்லும் போர்டு செய்தேன். போர்டை இயக்கும் சிப் அட்மெகா 328பி. ஜம்பரை (போர்டில் செருகும் சின்ன இணைப்புத் துண்டு) மாற்றினால் 5 வோல்ட்டிலும் ஓடும், 3.3-லும் ஓடும். கிணற்றடியில் 3.3-ல்தான் மாட்டியிருக்கிறேன், என் ஓட்டும் அதற்கே.

5 வோல்ட்டின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டலாம், கடையில் கிடைக்கும் ரிலே (சிப் சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்ச்) மாட்யூல் அப்படியே சேரும், இரைச்சலையும் கூடுதலாகத் தாங்கும். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் கரண்டில் ஓடும் பெட்டி என்றால் யோசிக்காமல் 5-ஐ எடுங்கள்.

கிணற்றடியில் கரண்ட் ஏது? பேட்டரிதான். இங்கே பலரும் சிப் எவ்வளவு தின்கிறது என்றே பார்க்கிறார்கள். அதைத் தூங்க வைத்துவிட்டால் எந்த வோல்ட்டிலும் சில மைக்ரோ ஆம்பியர்தான். தின்பது ரெகுலேட்டர், பேட்டரி வோல்ட்டை சிப்புக்கு வேண்டிய அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் பாகம். 5 வோல்ட் தரும் வழக்கமான ரெகுலேட்டரான 7805 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி வைத்தாலும் வேலை எதுவும் நடக்காமலே இரண்டு மாதத்துக்குள் காலி. ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கப்போவது யார்?

3.3 என்றால் ஒற்றை 18650 லித்தியம் செல், எம்சிபி1700 ரெகுலேட்டர். இது தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோ ஆம்பியர். செல் வற்றி 3.3-க்குக் கீழே போனாலும் ரெகுலேட்டர் கூடவே இறங்கும், 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப் 2.7 வரை தாராளமாகத் தாக்குப்பிடிக்கும். செய்தியை அனுப்பும் லோரா ரேடியோ மாட்யூலும் 3.7 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சாதி. 5-ல் ஓட்டினால் அதற்கென்று தனி ரெகுலேட்டர், சிக்னல் வோல்ட்டை மாற்றிக்கொடுக்கும் லெவல் ஷிப்டர் என்று செலவு ஏறும். குறைவாகத் தின்னும் 5 வோல்ட் ரெகுலேட்டர்களும் உண்டு, ஆனால் ஒற்றை செல்லில் அவை ஓடாது. ஏற்றிக்கொடுக்கும் பூஸ்ட் சர்க்யூட் வேண்டும்.

சென்சார் வயர் நீளமாகப் போனால் 3.3 எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் மிதவை சுவிட்ச் போர்டுக்கு அடியிலேயே தொங்குகிறது.

ஒரே போர்டை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதானால் சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸே இருக்கட்டும், 3.3-ல் 16 என்பது டேட்டாஷீட் வரம்பைத் தாண்டியது. பிரவுன்-அவுட்டை (சப்ளை இதற்குக் கீழே போனால் சிப்பை ரீசெட்டில் நிறுத்தும் வரம்பு) 2.7-ல் வையுங்கள். 4.3-ல் விட்டால் 3.3-க்கு மாற்றியதும் சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். அப்புறம், பேட்டரி வோல்ட்டை அளக்க சப்ளையை ரெஃபரன்ஸாக (ஒப்பிட்டு அளக்கும் அளவாக) எடுக்காமல் சிப்புக்கு உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டை எடுங்கள். ஜம்பர் எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு மாறாது.