ஒட்டாத பிரிட்ஜோடு நான்கு ஆண்டுகள்

என்னிடம் இருக்கும் வயலின் வடிவ பேஸ் கிட்டாரின் தலையில் பெயர்ப்பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். 1960களின் இறுதியில் ஜப்பானில் செய்தது என்றார் விற்றவர். இந்த வடிவத்தின் மூலம் ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் அதை வாங்கினார். பீட்டில்ஸ் புகழ் பரவியதும் ஜப்பானியப் பட்டறைகள் அதே உருவத்தைச் செய்து குவித்தன. உடல் முழுக்கக் கூடு, பஞ்சு போல எடை, அடிவயிற்றிலிருந்து எழும் குரல். முதல் பார்வையிலேயே விழுந்துவிட்டேன்.

சுருதிதான் படுத்தியது. விரல் அழுத்தாத வெறும் தந்திகள் நான்கும் சரியாகச் சேர்ந்திருக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12ஆவதுக்குப் போனால் தடித்த ஈ தந்தி 14 சென்ட் ஏறி ஒலிக்கும், மெல்லிய ஜி தந்தி 5 சென்ட். அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட் என்றாலும், பியானோவோடு சேர்ந்து வாசிக்கையில் 14 சென்ட் பல்லில் மணல் கடிபடுவது போல இருக்கும்.

வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் சுருதி விலகினால் மெட்டையே நகர்த்திப் பதிக்கலாம். கிட்டாரில் ஃப்ரெட்டை அசைக்க முடியாது, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜைத்தான் நகர்த்த வேண்டும். இந்த வகை பேஸில் பிரிட்ஜ் திருகப்பட்டிருப்பதும் இல்லை, தந்திகளின் அழுத்தத்தில் மேல்பலகை மீது சும்மா நிற்கிறது. எனக்கு முன்பு வைத்திருந்த யாரோ அது நகராமல் இருக்க இருபக்க ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார். அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. வார்னிஷில் விழுந்த கீறல் மட்டும் என் கைங்கரியம்.

பிரிட்ஜை எடுத்ததும் மூன்று மில்லிமீட்டர் பின்னால் பழைய பிரிட்ஜ் பாதத்தின் மங்கலான தடம் தெரிந்தது. அங்கே வைத்துப் பார்த்தேன், போதவில்லை. இன்னும் பின்னால் தள்ளினேன். ஈ தந்தி சரியானால் ஏ தந்தி இறங்கியது. இப்படியே முதல் இரண்டு ஆண்டுகள் பிரிட்ஜோடு மல்லுக்கட்டினேன். அத்தனையும் வீண் வேலை, ஏனென்றால் குற்றம் பிரிட்ஜில் மட்டும் இல்லை.

முதல் குற்றவாளி தந்தி. வாங்கும்போது வந்த தந்திகளையே வைத்திருந்தேன். அழுக்கும் தேய்மானமும் ஏறிய தந்தி நீளம் முழுவதும் ஒரே கனமாக இருக்காது, அதில் எந்த அளவையும் நம்ப முடியாது. மாற்றப் போனபோதும் ஒரு முறை ஏமாந்தேன். குட்டை பேஸ்களுக்கான சாதாரண ஷார்ட் ஸ்கேல் தந்தி வாங்கிவிட்டேன். இந்த பேஸில் தந்திகளின் அடிமுனையை மாட்டும் டெயில்பீஸ் பிரிட்ஜிலிருந்து தள்ளி இருப்பதால் ஈ தந்தியின் தடித்த பகுதி, தலைப்பக்கம் தந்திகள் அமரும் நட்டை எட்டாமலே மெலிந்துவிட்டது. லா பெல்லா நிறுவனம் இந்த வகைக்கென்றே தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்தித் தொகுதி செய்கிறது, அதை மாட்டினேன். 14 சென்ட் 9 ஆனது.

அடுத்தது கழுத்து. நடுவில் வளைந்து, தந்திகள் உயரத்தில் நின்றன. உயரத்தில் இருக்கும் தந்தியை ஃப்ரெட் வரை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று திருகி, ஒரு நாள் பொறுத்து, மறுபடி கால் சுற்று. பிறகு பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் இரு சக்கரங்களையும் கொஞ்சம் இறக்கினேன். 9 சென்ட் 7 ஆயிற்று.

இதற்குப் பிறகுதான் பிரிட்ஜ். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 30 அங்குலம் இருக்கும் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால், 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்துக்கும் அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்குக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 சென்ட் குறையும். ஆக ஈ பக்கம் மூன்று மில்லிமீட்டர், ஜி பக்கம் ஒன்று. பிரிட்ஜ் சற்றே சாய்ந்து நின்றது. ஈ பக்கத்துப் பாதம் கிட்டத்தட்ட அந்தப் பழைய தடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது! மிச்சத்தை நடுத் தந்திகளுக்கடியில் பார்த்துக்கொண்டேன். பிரிட்ஜின் மேல் பள்ளங்களில் ஃப்ரெட் கம்பித் துண்டுகள் செருகியிருக்கும். ஏ தந்தியின் துண்டை அடுத்த பள்ளத்துக்கு மாற்றியதே போதுமானதாக இருந்தது.

அளக்கும்போது கிட்டாரை மேசையில் கிடத்தாமல் வாசிக்கும் நிலையிலேயே பிடிக்கிறேன். விரலும் வாசிக்கும் அழுத்தத்திலேயே இருக்க வேண்டும், சுருதி காட்டும் டியூனரைப் பார்த்ததும் மரியாதையாக அழுத்தக் கூடாது. தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே கழற்றுகிறேன், நான்கையும் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். டியூன் செய்யச் செய்ய அதன் தலை நட்டின் பக்கம் சாய்வதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஈ தந்தி 12இல் 2 சென்ட் கூடுதல், ஜி கிட்டத்தட்டச் சரி. 15க்கு மேல் இன்னும் கொஞ்சம் தள்ளாடுகிறது. பேஸில் அங்கே எனக்கு வேலை இல்லை. எங்கள் ஊர் கடலோரம், மழைக்காலத்தில் மேல்பலகை லேசாக உப்பித் தந்திகளைத் தூக்கிவிடும். அப்போது சக்கரங்களைக் கால் சுற்று இறக்கி, தை பிறந்ததும் பழையபடி ஏற்றிவிடுகிறேன்.