செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்: ஏற்காட்டு மலையில் எட்டு ஆண்டு அனுபவம்

என்னிடம் 2017இல் வாங்கிய நான்கு சிலிண்டர் டீசல் பேக்ஹோ லோடர் ஒன்றும், அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வாங்கிய எக்ஸ்கவேட்டர் ஒன்றும் இருக்கின்றன. முதலாவது 12 வோல்ட் வண்டி, இரண்டாவது 24 வோல்ட் வண்டி. ஆண்டில் பாதி நாட்கள் இரண்டும் சேர்வராயன் மலையில் இருக்கும். காப்பித் தோட்டங்களுக்குப் பாதை வெட்டுவது, குட்டை தோண்டுவது, மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளுவது என்று வேலை ஓடும். மீதி நாட்கள் சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமியில். எஞ்சினும் ஹைட்ராலிக்கும் கொடுத்த தொல்லையைவிட, காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் மோட்டார், நாம் எல்லோரும் ‘செல்ஃப்’ என்று சொல்லும் அந்தச் சிறிய பொருள், கொடுத்த தொல்லையே எனக்கு அதிகம். அந்தத் தொல்லையில் பெரும்பகுதி மோட்டாரால் வந்ததே இல்லை என்பது புரிவதற்குள் கணிசமான பணத்தை இழந்துவிட்டேன்.

2018 டிசம்பரில் நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேக்ஹோ நின்றது. காலை ஏழு மணிக்கு ஆபரேட்டர் அழைத்தார். “அண்ணா, செல்ஃப் எடுக்கலைங்க. டக்குனு ஒரு சத்தம் வருது, எஞ்சின் அரைச் சுத்து நகர்ந்து நின்னுடுதுங்க” என்றார். வந்து பார்த்த மெக்கானிக் மோட்டார் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். மோட்டாரைக் கழற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். தேயும் பாகங்களான கார்பனும் புஷ்ஷும் மாற்றித் தந்தார்கள். மாட்டியதும் வண்டி எடுத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே சத்தம் மறுபடியும் வந்தது. இந்த முறை உள்ளே சுழலும் ஆர்மேச்சரையே மாற்றினோம். ஒரு மாதம் ஓடியது.

மூன்றாவது முறை, லாரி மின்வேலையில் பல ஆண்டு பழக்கமுள்ள ஒரு பெரியவரை மலைக்கு அழைத்து வந்தேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை டிசி வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொரு முனையை மோட்டாரின் உடலிலும் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டு இடமும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம், என்பதால் மீட்டர் ஏறத்தாழ பூச்சியம் காட்ட வேண்டும். 4.1 வோல்ட் காட்டியது. “தம்பி, மோட்டார் நல்லா இருக்கு. அதுக்குக் கரண்ட் போய்ச் சேரலை” என்றார். எர்த் கேபிளின் முனையில் இருக்கும் உலோக வளையமான லக், மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டில்தான் மாட்டப்பட்டிருந்தது. லக்கின் அடிப்பக்கம் துருவும், உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தன. ஒவ்வொரு முறை மோட்டாரைக் கழற்றி மாட்டும்போதும் அந்த லக் நகர்ந்து, போல்ட் புதிதாக இறுகி, சில வாரங்களுக்குப் பிடிப்புக் கிடைத்திருக்கிறது. பிறகு அதிர்வும் மலை மூட்டத்தின் ஈரமும் அதைப் பழையபடி ஆக்கியிருக்கின்றன. ஒரு கேபிளுக்காக இரண்டு முறை நல்ல மோட்டாரைப் பிரித்திருந்தோம்.

இது ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை அன்று அவர் விளக்கியதுதான் என் பழக்கத்தை மாற்றியது. இந்த அளவு டீசல் எஞ்சினைச் சுழற்றும் நேரத்தில் செல்ஃப் சில நூறு ஆம்பியர் இழுக்கிறது. 400 ஆம்பியர் ஓடும் வழியில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே வழியில் ஹெட்லைட் எரிய ஐந்து ஆம்பியர் போதும் என்பதால், அதற்கு அந்தத் தடை இருப்பதே தெரியாது. லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது, ஆகவே பேட்டரியும் ஒயரும் சரி, மோட்டார்தான் கெட்டது என்ற முடிவுக்கு நாம் வருவது இதனால்தான். நிற்கும் வண்டியில் ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. சாதாரண மீட்டரால் அவ்வளவு சிறிய தடையை அளக்க முடியாது. சுமை ஓடும் அந்த சில விநாடிகளில் எடுக்கும் வோல்ட் அளவு ஒன்றே நம்பத்தக்கது.

ஆகவே இப்போது எந்த வண்டி நின்றாலும் நான் பேட்டரியில்தான் தொடங்குகிறேன். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறைகளையும் பார்த்துவிடுவேன், ஏனென்றால் ஐந்து அறை நன்றாக இருந்து ஒன்று மட்டும் இறந்திருப்பதை வோல்ட் மீட்டர் உடனே சொல்லாது. அடுத்து எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க டீசல் கட்-ஆஃப் ஒயரைப் பிரித்துவிட்டு, ஆபரேட்டரைச் சாவி திருப்பச் சொல்லி, பேட்டரியின் இரு கம்பங்களிலும் மீட்டரை வைக்கிறேன். கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையே பூத்திருக்கும் உப்பே பல நேரம் குற்றவாளி. சுழலும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். விழாமல் நின்று, மோட்டாரும் சோம்பலாகச் சுழன்றால், வழியில் எங்கோ அடைப்பு. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. எர்த் பக்கம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச்சான சொலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் கருகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை. பேட்டரி மெயின் சுவிட்ச் உள்ள வண்டியில் அந்தச் சுவிட்ச்சின் இரு பக்கமும் மறக்காமல் பாருங்கள். என் வண்டியில் ஒருமுறை தவறு அதற்குள்ளேதான் இருந்தது.

மீட்டர் கையில் இல்லாதபோது சத்தமும் லைட்டும் ஓரளவு வழி சொல்லும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது எந்தச் சத்தமும் இல்லாமல் லைட்டும் மங்காமல் இருந்தால், சொலனாய்டுக்குச் செய்தியே போகவில்லை. ரிலே, ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பேக்ஹோவில் முன்-பின் லீவர் சரியாக நடுவில் நிற்காததே காரணமாக இருப்பதும் உண்டு. கடகடவென்று விடாமல் தட்டினால் பெரும்பாலும் பேட்டரி அல்லது இணைப்பு. ஒரே ஒரு தட்டு வந்து லைட் அணையும் அளவு மங்கினால் மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். இந்த நிலையில் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் எஞ்சின் சுற்றுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் மட்டும் வீரென்று சுழன்று எஞ்சின் அசையாமல் இருந்தால், மோட்டாரின் பல்சக்கரத்தை எஞ்சினோடு கோக்கும் பென்டிக்ஸ் வழுக்குகிறது.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து சொலனாய்டின் போல்ட்டுகளை இணைத்து எஞ்சினை எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்யும்போது நியூட்ரல் சுவிட்ச் உட்பட எல்லாப் பாதுகாப்பையும் தாண்டிவிடுகிறோம்; கியரில் இருக்கும் வண்டி, சக்கரத்தின் அருகே குனிந்து நிற்பவர் மீதே ஏறிவிடும். மலையில் சமதளமான இடம் கிடைப்பதே அரிது. என்னிடம் வேலை செய்ய வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பேட்டரியைக் கழற்றும்போது எர்த்தை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த பாடம்.

மலைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மார்கழிக் காலையின் குளிரில் ஆயிலும் தடித்திருக்கும். டீசல் பற்றிக்கொள்ளத் தேவையான சூடு பிறக்க எஞ்சின் இன்னும் சில சுற்றுகள் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. கருப்பூரில் தாக்குப்பிடிக்கும் பாதி உயிரான பேட்டரி மேலே ஏறியதும் கைவிட்டுவிடுவது இதனால்தான். சரிவில் நிறுத்தி டிராக்டரைப் போல உருட்டி எடுத்துவிடலாம் என்ற எண்ணமும் உதவாது. எஞ்சினிலிருந்து கியருக்கு எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பேக்ஹோவைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

உண்மையாகவே மோட்டார் எரிந்தது எனக்கு ஒரே ஒரு முறைதான். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்து எஞ்சின் எடுக்காமல் இருந்தபோது, புதிய ஆபரேட்டர் ஒருவர் விடாமல் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டார். ஆர்மேச்சரின் ஈயப்பற்று உருகித் தெறித்திருந்தது. முப்பது விநாடிக்கு மேல் சுழற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு; நான் பதினைந்துக்கே நிறுத்தி, இரண்டு நிமிடம் ஆறவிடச் சொல்கிறேன். சுழல்கிறது ஆனால் எடுக்கவில்லை என்றால் பழுது டீசல் பக்கம் இருக்கிறது, செல்ஃப்பைத் தண்டிப்பதில் பொருளில்லை.

எரிந்த மோட்டாருக்குப் பதிலாக முதலில் ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டேன். ஒரு வருடத்துக்குள் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசத் தொடங்கியது. பிறகு கியர் ரிடக்ஷன் வகையில் புதிது வாங்கினேன். பழையதைவிட எடை குறைவு, இழுக்கும் கரண்ட்டும் குறைவு, குளிரில் எஞ்சினை வேகமாகச் சுழற்றுகிறது. நான்கு ஆண்டுகளாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேபிளைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: விலை குறைந்த பலவும் ஏசி கரண்ட்டை மட்டுமே அளக்கும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். பேட்டரி கேபிளில் மாட்டினால் அது எதையும் காட்டாது. டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைக்கல் பூமியின் தூசும் வேறொரு விதத்தில் படுத்துகிறது. செல்ஃப்பின் சிறிய பல்சக்கரமான பினியன் நகரும் தண்டில் கிரீஸை அப்பினால் அந்த மாவுத் தூசு அதில் ஒட்டிப் பசையாகி, பினியன் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

எக்ஸ்கவேட்டரின் கதை 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்த நாட்களில் நடந்தது. இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்த 24 வோல்ட் வண்டி அது; நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்ற பயத்தில் ஆபரேட்டர் நாள் முழுவதும் எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார். மொத்தமாகப் பார்த்தால் 25 வோல்ட், குறையே இல்லை. சுழற்றும்போது தனித்தனியாக அளந்ததில் ஒன்று 10.8இல் நின்றது, மற்றது 7க்கு இறங்கியது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். டைனமோ 28 வோல்ட் கொடுக்கிறதா என்பதையும் உடனே பார்த்துக்கொண்டேன்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், இரண்டு வண்டிகளின் எர்த் கேபிளையும் கழற்றி, லக்கும் அது உட்காரும் இடமும் உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டுகிறோம். ஆபரேட்டரின் பெட்டியில் ஒரு மல்டிமீட்டர் நிரந்தரமாக இருக்கிறது. போன தை மாதம் பேக்ஹோவைப் பார்த்துவிட்டு அவர் அழைத்தபோது, “எர்த் பக்கம் பாயிண்ட் ரெண்டுங்க, பாசிட்டிவ் பக்கம் பாயிண்ட் மூணுங்க, ஆனா சில நேரம் கரகரன்னு பல்லு உரசுதுங்க” என்றார். அவர் சொன்னது சரி. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும்; அதனால் பினியன் வந்து கடிக்கும் ஃப்ளைவீலின் ரிங் கியரில் அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன. கியர் பாக்ஸை விலக்கி, ரிங் கியரைச் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மாட்ட வேண்டும். காப்பித் தோட்ட வேலை ஓய்ந்ததும் சித்திரையில் அதற்கு நாள் குறித்திருக்கிறேன்.