கெக்குகளுக்கு டீப் ஃப்ரீசரா, பழைய ஃப்ரிட்ஜா?

வீட்டில் காய்ச்சிய பீரைப் புட்டிகளில் அடைத்து அலுத்துப்போய் 19 லிட்டர் கெக்குக்கு, அதாவது அழுத்தம் தாங்கும் எஃகுப் பீப்பாய்க்கு, மாறுகிறவர்கள் சில மாதங்களில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். கெக்குகளைக் குளிரில் வைத்து அங்கிருந்தே ஊற்றிக் குடிக்க, மேல்மூடி திறக்கும் டீப் ஃப்ரீசரை மாற்றியமைப்பதா, பழைய ஃப்ரிட்ஜின் கதவில் குழாய் பொருத்துவதா? நான் ஃப்ரீசர் வைத்து நான்கு ஆண்டுகள் ஓட்டியவன். நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஊற்றிக் குடித்திருக்கிறேனே தவிர, அதைப் பராமரித்ததில்லை. ஆகவே தராசு ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

ஃப்ரிட்ஜுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். நிறைந்த கெக் ஏறக்குறைய 23 கிலோ. அதை இடுப்புக்கு மேல் தூக்கிக் குழிக்குள் இறக்குவது வேறு, கதவைத் திறந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளே தள்ளுவது வேறு. ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டே 4 டிகிரியில் நிறுத்தும், தனிக் கருவி வேண்டாம். இரண்டு கெக் போதும் என்பவரும் முதுகுவலிக்காரரும் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜ் தேடப் போகலாம்.

எனக்கு நான்கு கெக் வேண்டும். ஃப்ரீசரின் தரையில் நான்கும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பீரை வெளியே தள்ளும் கரியமில வாயு உருளையை, உள்ளே கம்ப்ரஸருக்கு மேலிருக்கும் மேடைமேல் ஏற்றினால் மட்டும் ரெகுலேட்டர் மூடியில் இடித்தது. இரண்டு விரற்கடை இடைவெளிக்கு மூடி மூடவில்லை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் வைக்க வேண்டிய தேவை அப்படித்தான் வந்தது. 14 சென்டிமீட்டர் உயரப் பலகைகள் நான்கு, மூலைகளில் திருகு, மேலும் கீழும் ரப்பர் பட்டை. குழாய்களுக்கான துளைகள் அந்தச் சட்டத்தில்தான்.

நான் ஃப்ரீசர் பக்கம் சாய இந்தச் சட்டமே காரணம். இவ்வகை ஃப்ரீசர்கள் பெரும்பாலானவற்றில் குளிர்வாயு ஓடும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் புதைந்திருக்கின்றன. சுவரில் துளையிட்டு அதிலொன்றில் துரப்பணம் பட்டால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு இயந்திரத்தின் கதை முடிந்தது. மூடியில் துளைக்கலாம், அங்கே பொதுவாகக் காப்பு நுரைதான் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவும் அப்படியே. ஆனால் போட்ட துளை போட்டதுதான். கதவில் மூன்று ஓட்டையுள்ள ஃப்ரிட்ஜை கெக் வைத்திருக்கும் இன்னொருவர் வாங்கினால் உண்டு, இல்லையென்றால் பழைய இரும்புக்குத்தான் போகும். சட்டம் வைத்த ஃப்ரீசரில் கீல் திருகுகளைக் கழற்றி மூடியைப் பழைய இடத்தில் பூட்டினால், மறுநாளே மீன் வைக்கலாம். மின்சாரப் பக்கத்திலும் எதையும் வெட்டுவதில்லை. ஃப்ரீசரின் பிளக் ஒரு வெளி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகப்படுகிறது, கருவி சுவரில் செருகப்படுகிறது, அவ்வளவுதான். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே நுரைத்துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள்.

சட்டத்தை மூடியோடு இணைப்பதா, பெட்டியோடா? மூடியோடு இணைத்தால் கெக்கைத் தூக்கும் உயரம் கூடாது, ஆனால் குழாய்களின் பாரமும் கீலில் விழும். நான் பெட்டியோடு ஒட்டினேன். ஒவ்வொரு கெக்குக்கும் அந்த 14 சென்டிமீட்டரை நொந்துகொண்டேன்.

ஃப்ரீசரின் உண்மையான குறை தண்ணீர். உறைநிலைக்கு மேலே ஓட்டுவதால், உள்ளே வரும் ஈரக்காற்று பனியாகாமல் சுவரில் வியர்த்து அடியில் தேங்குகிறது. பனி படியாத ஃப்ரிட்ஜில் அந்த நீர் பின்புறத் தட்டுக்கு வடிந்து, கம்ப்ரஸர் சூட்டில் தானே காய்ந்துவிடும். இங்கே துடைக்க நீங்கள்தான் வேண்டும். முதல் மழைக்காலத்தில் நான் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை, சட்டத்தின் உட்புறம் கரும்புள்ளிகள். பிறகு மரத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ், உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணி. துடைக்கத் தலையை உள்ளே விடுமுன் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். கரியமில வாயு கசிந்திருந்தால் அது காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கியிருக்கும்.

நுரைத் தொல்லையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர் அடியில் தங்கி, மேலே குழாய்ப் பக்கம் வெதுவெதுப்பாக இருப்பதால் முதல் கிளாஸ் பாதி நுரையாக வரும். கணினியில் இருக்கும் சின்ன விசிறி ஒன்றை உள்ளே வைத்தேன், பெருமளவு அடங்கியது. 4 டிகிரி, 12 பிஎஸ்ஐ வாயு அழுத்தம், கெக்கிலிருந்து குழாய்வரை 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழல் 3 மீட்டர் என்ற கணக்கு எனக்குச் சரியாக வந்தது. குழல் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சென்ற ஆண்டு வீடு மாறியபோது அந்த ஃப்ரீசரை விற்றேன். வாங்க வந்தவர் உள்சுவரை விரலால் தடவிக்கொண்டே போய், அடி மூலையில் நாணய அளவு துருவைக் கண்டுபிடித்து விலையைக் கொஞ்சம் குறைத்தார். கீல் திருகுகளை அவர் பார்க்கவேயில்லை. சட்டத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். புது ஃப்ரீசர் 4 சென்டிமீட்டர் நீளம் அதிகம். இரண்டு பலகைகளைப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது.