காரைக்குடியில் மகனுக்குப் பள்ளி தேடியபோது

கட்டடம், ஏசி பஸ், நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: "எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையோடு இங்கே யார் உட்காருவார்கள், எப்போது உட்காருவார்கள்?" சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்து காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை என்று தனியார் பள்ளிகளில் ஏறி இறங்கிய பிறகு இதைச் சொல்கிறேன்.

மகன் மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். அதே கதையைப் புத்தகத்தில் கொடுத்தால் இரண்டாம் வரியில் நின்றுவிடுவான். அடுத்த ஆண்டு ஆயா, ஐயாவோடு (பாட்டி, தாத்தாவோடு) ஊரில் இருந்து படிக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம்.

பெயர்பெற்ற ஒரு பள்ளியில் பரிசோதனை அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆங்கிலப் பத்தி ஒன்றை அவன் முன் வைத்துப் படிக்கச் சொன்னார்கள். வியர்த்த விரலால் சொல்லைத் தொட்டுத் தொட்டுப் போனவனைப் பாதியில் நிறுத்தி, "எங்கள் ரிசல்ட் பாதிக்கும்" என்று அவன் காதுபடவே சொன்னார்கள். எனக்குக் கொதித்துப்போயிற்று. இப்படிச் சோதித்துச் சேர்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரண்டையும் எடுத்துச் சொன்னேன். "தாளாளரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், சொல்லவில்லை.

கதவைச் சாத்துகிற பள்ளியைவிட, சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொள்ளும் பள்ளி எனக்கு அதிகக் கவலை தந்தது. "ஒரு தொந்தரவும் இருக்காது, கட்டணம் கட்டிவிடுங்கள்" என்றார்கள். சிறப்பாசிரியர் யார் என்று கேட்டதும் ஓய்வு நேரத்தில் டியூஷன் எடுக்கும் ஆசிரியையைக் காட்டினார்கள். சிறப்பாசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது பெற்றோரின் உரிமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. இன்று அவர் பெயரிலான பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று ஒரு துறையே இருக்கிறது. இந்த ஊரில் பயிற்சி பெற்றவர் கிடைக்கவில்லை என்று ஒரு பள்ளி சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

மனம் நின்றது ஒரு சிறிய பள்ளியில். ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், வகுப்புக்கு இருபத்தைந்து பிள்ளைகளுக்குள். அங்கிருந்த சிறப்பாசிரியை என்னிடம் எதுவும் கேட்காமல் மகனைப் பாயில் உட்காரவைத்து மூன்று அட்டைகளை எடுத்தார்: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். "கொ" என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது "க்". எழுத்திலோ கொம்பு முந்திக்கொள்கிறது, கால் பின்னால் போய் நிற்கிறது. இந்த இடத்தில்தான் அவன் எப்போதும் தடுமாறுவான். ஆசிரியை "க"வை நடுவில் வைத்து, "தம்பி, இதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், நிறுத்து பார்க்கலாம்" என்றார். நிறுத்தினான். பிறகு க-வை எடுத்துவிட்டு ம, ப, த என்று மாற்றி வைத்தார். மணல் தட்டில் விரலால் எழுதச் சொல்லி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். "மொ" என்று எழுதிவிட்டு அவனாகவே "மொட்டு" என்றான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு தலைமை ஆசிரியையிடம் பேசியதெல்லாம் நடைமுறைதான். வகுப்பின் முன் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்லக்கூடாது. கரும்பலகையில் இருப்பதை அச்சிட்டுத் தர வேண்டும். தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழைக்கு அறிவியலில் மதிப்பெண் குறைக்கக்கூடாது. எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். வாய்வார்த்தையை நம்பி யாரும் கட்டணம் கட்டிவிடாதீர்கள். ஆசிரியர் மாறினால் அதுவும் அவரோடு போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. நாம் கொண்டுவரும் உளவியலாளர் அறிக்கை பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும். பொதுத்தேர்வுச் சலுகைக்கு இங்குள்ள அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் சொல்வதை எழுதுபவரும், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் (NIOS) இருக்கிறது: பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், அதில் ஒரு மொழி போதும். அதைத் தோற்றவர்கள் போகுமிடம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் பெரியவர்களிடம் பேசுவதற்கும் நேரம் வேண்டியிருந்தது. "சோம்பல்தான், இரண்டு அடி கொடுத்தால் சரியாகும்" என்று உறவில் ஒருவர் சொன்னபோது, ஆயாதான் முந்திக்கொண்டு, "பிள்ளை மேல் கை வைக்கிறவர் இந்த வளவுக்குள் வரவேண்டாம்" என்றார்கள். சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்தாயிற்று. சான்றிதழுக்காகச் சிவகங்கைக்கு அழைத்துப்போகும் பொறுப்பை ஐயா எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.